விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில்

"அண்ணா, மூன்று கிழமையா ஒரு நாளும் விடாமல் வாறன். நிறை அரைக் கிலோ கூடிப்போச்சு. எனக்கு இது சரிவராது போல."

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்த ஜிம்முக்குள் போய் நின்றாலும் இந்தக் கதை காதில் விழும். சொன்னவர் பெரும்பாலும் அந்த மாதத்தோடு நின்றுவிடுவார். அவருடைய பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கும். ஃப்ளாட்டின் நாலாம் மாடிக்கு ஏறும்போது முன்னைப் போல மூச்சு வாங்காது. ஆனால் அவற்றை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தது குளியலறைத் தராசு காட்டிய எண்ணை மட்டும்தான், அந்த எண் கூடிவிட்டது.

ஒழுங்காகப் பாடுபட்ட ஒரு மனிதர், பொருந்தாத ஒரு கருவியை நம்பிப் பாதியில் விட்டுப்போவது வருத்தமான விஷயம். அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். உடம்பில் எதை அளப்பது, சரியாக எந்த இடத்தில் அளப்பது, எவ்வளவு மாறினால் நம்பலாம், எங்கே பிழை புகும் என்பவைதான் விஷயம்.

முதலில் தராசு. அதைத் தூக்கி எறியச் சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் அது எதை நிறுக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நாம் ஏறி நிற்கும்போது எலும்பு, தசை, கொழுப்பு, இரத்தம், குடலில் கிடக்கும் நேற்றைய சோறு, சிறுநீர்ப்பையில் இருக்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்தே ஏறுகின்றன. இவற்றில் ஒரு நாளுக்குள் அதிகம் ஏறி இறங்குவது தண்ணீர். சனிக்கிழமை இரவு ஒரு முழுக் கொத்து சாப்பிட்டால், அதிலுள்ள உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாச்சத்து தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேரும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் கூடவே தங்கும். ஞாயிறு காலை 1 கிலோ கூடிக் காட்டினால் அதில் கொழுப்பு மிகச் சொற்பம். மறுபக்கம், காலிமுகத்திடலில் பின்னேரம் ஒரு மணித்தியாலம் வேகமாக நடந்துவிட்டு வந்து ஏறினால் 1 கிலோவரை குறைந்து காட்டும். அது வியர்வை. இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்ததும் பாதி திரும்பிவிடும்.

புதிதாகப் பாரம் தூக்கத் தொடங்கிய முதல் சில கிழமைகளில் தசைகள் நோவெடுத்து வீங்கும். அந்த வீக்கமும் தண்ணீர்தான். தொடக்கத்தில் கதை சொன்னவரின் அரைக் கிலோ பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். தசைப் பலத்துக்கென்று ஜிம்காரர் குடிக்கும் கிரியேட்டின் தூள் எடுப்பவர்களுக்கு 1 முதல் 2 கிலோ வரை கூடும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் அதேயளவு ஏறி, பிறகு தானாக இறங்கும். ஆகவே பெண்கள் இந்தக் கிழமையைப் போன கிழமையோடு ஒப்பிடுவதைவிட, போன மாதச் சுழற்சியின் அதே நாட்களோடு ஒப்பிடுவதே சரி.

இப்போது கணக்கைப் பாருங்கள். அளவாகச் சாப்பிட்டு ஒழுங்காகப் பயிற்சி செய்பவர் கிழமைக்கு அரைக் கிலோ கொழுப்பைக் குறைத்தாலே நல்ல வேகம். தண்ணீரோ ஒரே நாளில் 1, 2 கிலோ ஆடும். தேடும் பொருள் அரைக் கிலோ, அதை மூடும் ஆட்டம் இரண்டு கிலோ. ஒரு நாள் எண்ணைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. தினமும் காலையில் கழிவறைக்குப் போய்வந்து, தேநீர் குடிக்க முன், ஒரே மாதிரி உடுப்போடு நிறுத்து, 7 நாள் சராசரியை மட்டும் எழுதுங்கள். தராசை மாபிள் தரையில் ஒரே இடத்தில் வையுங்கள். ஒரு கால் மாபிள் இடுக்கில் விழுந்து தராசு சரிந்து நின்றாலோ, கால்மிதியின் மேல் வைத்தாலோ எண் மாறும்.

ஏன் வயிறு

பிஎம்ஐ என்ற கணக்கு பலருக்கும் தெரியும். கிலோவில் நிறையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் பிரிப்பது. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெத்தலே என்ற புள்ளியியலாளர் கூட்டங்களை விவரிக்கப் போட்ட கணக்கு அது. 1972இல் அன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். கூட்டத்துக்குப் போட்ட கணக்கு தனி ஆளுக்கு வரும்போது வழுக்கும், தெற்காசிய உடம்புக்கு வரும்போது இன்னும் மோசமாக வழுக்கும்.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புனேயைச் சேர்ந்த டொக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜோன் யுட்கின் ஆகிய இரு ஆய்வாளர்கள் தங்கள் உடம்புகளையே, கொழுப்பையும் தசையையும் எலும்பையும் பிரித்துக் காட்டும் டெக்சா எக்ஸ்ரே ஸ்கேனில் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். பிஎம்ஐயை மட்டும் பார்த்தால் இருவரும் ஒரே ஆள். நம்முடைய உடம்பு மெலிவாகத் தெரிந்தாலும் கொழுப்பை வயிற்றுக்குள்ளே, ஈரலையும் குடலையும் சுற்றிச் சேர்க்கும் சுபாவம் உள்ளது. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழி திறப்பது அந்தக் கொழுப்புதான். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசியர்களுக்குத் தனி எல்லைகளாக 23ஐயும் 27.5ஐயும் சொன்னதற்குக் காரணமும் இதுதான். வேறு இடங்களில் 25க்குத்தான் எச்சரிக்கை. நமக்கு 23லேயே கவனம் வேண்டும்.

கைகால் மெலிந்து, சேட்டின் நடுப் பொத்தான் மட்டும் இழுபடும் உடம்பைக் கொழும்பு ஒஃபிஸ்களில் எங்கும் காணலாம். தராசு அவரிடம் "பிரச்சினை இல்லை" என்று சொல்லும். அவருக்கு உண்மையைச் சொல்லக்கூடியது தையல் சாமான் கடையில் வாங்கும் ஒரு அளவுநாடா.

நாடா

புறக்கோட்டையில் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும் 150 சென்ரிமீற்றர் நாடா போதும். துணி நாடா நாளாக இழுபட்டு நீளும். நார்க்கண்ணாடி இழை உள்ளே வைத்து மேலே பிளாஸ்டிக் பூசியது நீளாது, அதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு இரும்பு அடிமட்டத்தோடு வைத்து ஒப்பிடுங்கள். முனையில் இருக்கும் தகரத்தின் விளிம்பில்தான் பூச்சியம் தொடங்குகிறதா என்று பாருங்கள்; சிலவற்றில் அரைச் சென்ரிமீற்றர் தள்ளித் தொடங்கும். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்ரிமீற்றர் என்பதால் ஒரு கிழமை அதிலும் மறு கிழமை இதிலும் எழுதிக் குழம்புவார்கள். சென்ரிமீற்றரை வைத்துக்கொள்வது நல்லது, சிறு மாற்றம் அதில்தான் தெரியும்.

இனி அளக்கும் இடம். இதில்தான் பலரும் தவறுகிறார்கள், ஆகவே மெதுவாகச் சொல்கிறேன். நேராக நில்லுங்கள். கால்கள் ஒரு சாண் அளவுக்கு விலகி, பாரம் இரண்டு காலிலும் சமமாக. அக்குளிலிருந்து நேர் கீழே விரலால் தடவிக்கொண்டு வந்தால் விலா எலும்பு முடியும் இடம் தட்டுப்படும். அங்கே பேனையால் ஒரு புள்ளி. அதே கோட்டில் கீழே போனால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு கையில் படும். சதை கூடியவர்கள் கொஞ்சம் அழுத்தித் தேட வேண்டும். அங்கே இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் சரி நடுவில் மூன்றாவது புள்ளி. நாடா சுற்ற வேண்டியது அந்த மூன்றாவது புள்ளியில்தான். இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இடம். தொப்புளின் மட்டமும் இதுவும் எல்லாருக்கும் ஒன்றாக வராது. வயிறு தொங்கும்போது தொப்புளும் கீழே இறங்கும், ஆகவே அதை நம்பி நாடாவை வைத்தால் அளக்கும் இடமும் இறங்கிக்கொண்டே போகும்.

நாடாவைத் தோலில் படும்படி சுற்றுங்கள். முதுகுப்பக்கம் தாழ்ந்துபோகும், கண்ணாடியில் பக்கவாட்டாகப் பார்த்து நேராக்குங்கள். நாடா தோலைத் தொட வேண்டும், தோலில் பதியக் கூடாது. வழமைபோல மூச்சை விடுங்கள். மூச்சு வெளியேறி முடியும் அந்தக் கணத்தில் எண்ணைப் பாருங்கள். வயிற்றை உள்ளே இழுப்பதை எல்லாரும் தெரியாமலே செய்வார்கள். அதைத் தடுக்க, அளக்கும்போது ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். பேசிக்கொண்டே வயிற்றை இழுத்துப் பிடிப்பது கஷ்டம். நாடாவை முற்றாகக் கழற்றி, திரும்பச் சுற்றி, மூன்று தரம் அளங்கள். நடுவில் வரும் எண்ணை எழுதுங்கள். ஒன்றுக்கொன்று 1 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் புள்ளிகளைத் திரும்பத் தேட வேண்டும்.

சாரி கட்டுபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பல வருடமாகப் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிய இடுப்பில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அளவுநாடா வழுக்கிப் போய் அந்தப் பள்ளத்துக்குள் இருந்துவிடும், 3, 4 சென்ரிமீற்றர் குறைத்துக் காட்டும். பள்ளத்தைப் பார்த்து அளக்காதீர்கள், புள்ளியைப் பார்த்து அளங்கள். காலையில் எழும்பியதும், பாவாடை நாடா கட்ட முன் அளப்பது நல்லது. சாரம் உடுத்தும் ஆண்களுக்கும் இறுக்கிச் செருகும் இடத்தில் இதே சிக்கல் உண்டு.

எல்லைகள் இவை. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் தெற்காசியர்களுக்குச் சொல்வது ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர். அதைத் தொட்டால் கவனிக்க வேண்டும். உயரத்தையும் சேர்த்துப் பார்ப்பது இன்னும் நல்லது. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2022இல் இதையே வழிகாட்டலாக்கியது: 0.5க்குக் கீழ் நல்லது, 0.5 முதல் 0.59 வரை ஆபத்து கூடுகிறது, 0.6ஐத் தாண்டினால் அதிகம். இதற்கு நாடாகூட வேண்டாம். உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பில் சுற்றிப் பாருங்கள். நுனிகள் சந்தித்து மிஞ்சினால் சரி, எட்டாவிட்டால் சரியில்லை. கண் மங்கிய அப்பாவுக்கும் எண் வாசிக்காத அம்மம்மாவுக்கும் இதைச் செய்து காட்டலாம்.

"என்னுடைய இடுப்பு 34 அங்குலம்தானே, களுசான் சைஸ் 34" என்று சொல்லும் ஆண்களிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். களுசான் நிற்பது வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பில். வயிறு அதற்கு மேலே வெளியே நிற்கிறது. போதாததற்கு, 34 என்று எழுதிய துணியையே நாடாவால் அளந்து பார்த்தால் பல பிராண்டுகளில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். 34 சைஸ் போடுபவர் புள்ளி வைத்து அளந்தால் 39, 40 அங்குலம், அதாவது 100 சென்ரிமீற்றர் வருவது சாதாரணம்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிருஷ்டம்: கால்களைச் சேர்த்து வைத்து, பக்கவாட்டில் பார்த்தால் அதிகம் புடைக்கும் மட்டத்தில். தொடை: கவட்டு மடிப்புக்கும் முழங்காற் சிரட்டையின் மேல் விளிம்புக்கும் நடுவில். மேற்கை: தோள் நுனி எலும்புக்கும் முழங்கை முனைக்கும் நடுவில், கையைத் தளரத் தொங்கவிட்டு. கெண்டைக்கால்: இருந்துகொண்டு, முழங்காலை 90 பாகையில் மடித்து, அதிகம் பருத்த இடத்தில். பயிற்சி முடித்த கையோடு அளக்க வேண்டாம், இரத்தம் ஏறிய தசை 1 சென்ரிமீற்றரை இனாமாகக் கொடுக்கும். மேற்கையும் கெண்டைக்காலும் ஏன் வேண்டும் என்று கேட்டால், நிறை குறையும்போது குறைவது கொழுப்பா தசையா என்பதைக் காட்டிக்கொடுப்பவை அவைதான்.

கிழமைக்கு ஒரு தரம் இடுப்பு, மாதத்துக்கு ஒரு தரம் மற்றவை. 1 சென்ரிமீற்றருக்குள் வரும் மாற்றத்தை மாற்றமாக எடுக்காதீர்கள், அது கையின் பிழை. இரண்டு மாதமாக ஒரே பக்கம் 2, 3 சென்ரிமீற்றர் நகர்ந்தால் அது உண்மை.

கொழுப்பு வீதம் என்று சொல்லும் எண்கள்

நாடாவிலிருந்து கொழுப்பு வீதத்தை மதிப்பிட 1984இல் அமெரிக்கக் கடற்படைக்காக ஹொட்ஜ்டன், பெக்கெட் ஆகிய இருவர் ஒரு சமன்பாடு உருவாக்கினார்கள். ஆண்களுக்கு, சென்ரிமீற்றரில்:

495 ÷ [1.0324 − 0.19077 × மடக்கை (வயிறு − கழுத்து) + 0.15456 × மடக்கை (உயரம்)] − 450

உயரம் 170, வயிறு 92, கழுத்து 38 என்றால் விடை ஏறக்குறைய 23 வீதம். வயிறு 88 ஆக இறங்கினால் 20 வீதம். கழுத்தைக் குரல்வளை மேட்டுக்குக் கீழே, நாடா முன்பக்கம் சற்றுச் சரிய அளக்க வேண்டும். பெண்களுக்குச் சமன்பாடு வேறு, பிருஷ்ட அளவும் சேரும்:

495 ÷ [1.29579 − 0.35004 × மடக்கை (இடுப்பு + பிருஷ்டம் − கழுத்து) + 0.22100 × மடக்கை (உயரம்)] − 450

போனிலுள்ள கல்குலேட்டரைப் படுக்கைவாட்டில் திருப்பினால் மடக்கைப் பொத்தான் வரும், பத்தின் அடியில் எடுக்கும் மடக்கை அது. ஒரு எச்சரிக்கை: இந்தச் சமன்பாட்டில் ஆண்களின் வயிற்றைத் தொப்புள் மட்டத்திலும் பெண்களின் இடுப்பை ஆக ஒடுங்கிய இடத்திலும் எடுக்க வேண்டும். மேலே புள்ளி வைத்து எடுத்த அளவை இதற்குள் போட்டால் விடை பிழைக்கும். இரண்டையும் கொப்பியில் தனித்தனி நிரலில் எழுதுங்கள். சரியாகச் செய்தாலும் இந்த மதிப்பீடு 3, 4 வீதம் அங்கே இங்கே போகும். ஆகவே "எனக்கு 20 வீதம்" என்று ஊருக்குச் சொல்ல இது உதவாது, "3 வீதம் இறங்கியிருக்கிறேன்" என்று தனக்குத் தெரிந்துகொள்ள உதவும்.

கொழும்பு ஜிம்களில் கையாலும் காலாலும் பிடித்து நிற்கும் ஒரு இயந்திரம் இருக்கிறது, ஒரு துண்டில் தசை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று அச்சடித்துத் தரும். வீட்டுக்கு வாங்கும் ஸ்மார்ட் தராசும் அதே இனம்தான். இவை உணர முடியாத மிகச் சிறிய மின்னோட்டத்தை உடம்புக்குள் விட்டு, எவ்வளவு தடை வருகிறது என்று பார்க்கின்றன. தண்ணீர் உள்ள தசை மின்னை விடும், கொழுப்பு தடுக்கும். அளப்பது அந்தத் தடை ஒன்றைத்தான். மற்றதெல்லாம் நீங்கள் கொடுத்த வயது, உயரம், பாலினம் ஆகியவற்றை வைத்துப் போடும் கணக்கு. உடம்பிலுள்ள தண்ணீர் மாறினால் கொழுப்பும் மாறியதாகக் காட்டும். வியர்த்து வடியும்போது, சாப்பிட்ட உடனே, பாதம் வெடித்துக் காய்ந்திருக்கும்போது, குளித்த ஈரத்தோடு ஏறும்போது ஒவ்வொரு விடை வரும். காலில் மட்டும் தொடும் தராசு மின்னை ஒரு காலால் ஏற்றி மற்றக் காலால் இறக்குகிறது, வயிற்றைப் பற்றி அதற்கு அதிகம் தெரியாது. தராசை விளையாட்டு வீரர் என்ற நிலைக்கு மாற்றிப் பாருங்கள், அதே உடம்புக்குக் கொழுப்பு பல வீதம் குறைந்துவிடும்.

ஒரே கிழமையில் "தசை 800 கிராம் கூடியது" என்று துண்டு வந்தால் அது தண்ணீர். அதைக் காட்டி யாராவது புரத மா விற்க வந்தால் வாங்காதீர்கள். "உடல் வயது" என்று ஒரு வரி இருக்கும், அதைப் பார்க்கவே வேண்டாம். ஒரே இயந்திரம், காலை வெறுவயிறு, கழிவறை போய்வந்த பின், மாதம் ஒரு தரம் என்றால் போக்கு ஓரளவு தெரியும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் இவற்றில் ஏறக் கூடாது.

தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் கிள்ளிப் பிடித்துத் தடிப்பை அளக்கும் தோல்மடிப்பு இடுக்கி பழகிய கையில் நல்ல கருவி. பழகாத கையில் ஒரே மடிப்பில் ஐந்து விடை தரும். எப்போதும் ஒரே ஆள் பிடிப்பார் என்றால் மட்டும் இறங்குங்கள்.

படமும் பிளவுஸும்

கொழுப்பு 1 கிலோ ஏறக்குறைய 1.1 லீட்டர் இடம் பிடிக்கும், தசை 1 கிலோ 0.94 லீட்டர். "தசை பாரம், கொழுப்பு லேசு" என்று சொல்வதன் உண்மை அவ்வளவுதான். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் விளம்பரப் படங்கள் காட்டுமளவுக்கு இல்லை. அந்தப் படங்களில் பாதி வேலையைச் செய்வது வெளிச்சம். மேலிருந்து விழும் விளக்கு வயிற்றில் நிழல் விழுத்தித் தசையைக் காட்டும், முன்னாலிருந்து அடிக்கும் வெளிச்சம் எல்லாவற்றையும் தட்டையாக்கும். "பயிற்சிக்கு முன்", "பயிற்சிக்குப் பின்" என்ற இரண்டு படங்களையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம்.

உங்கள் படம் உங்களை ஏமாற்றாமல் இருக்க, போனைத் தொப்புள் உயரத்தில் வையுங்கள். 2.5 மீற்றர் தள்ளி நில்லுங்கள். அகலக் கோண வில்லை வேண்டாம், 1 என்று காட்டும் சாதாரண வில்லை போதும். கிட்ட வைத்து எடுத்தால் நடு உடம்பு வீங்கித் தெரியும். மாபிள் பதித்த தரை இதற்கு வசதி: எந்த மாபிளின் கோட்டில் போன், எந்தக் கோட்டில் குதிகால் என்று குறித்துவிட்டால் ஒவ்வொரு மாதமும் அதே தூரம். காலை, அதே ஜன்னல், அதே உடுப்பு. முன், பக்கம், பின் மூன்றும். 4 கிழமைக்கு ஒரு தரம் போதும். படங்களைப் போனில் பூட்டிய இடத்தில் வையுங்கள், தானாக இணைய மேகத்துக்கு (கிளவுட்) ஏற்றி வீட்டார் எல்லாருக்கும் காட்டும் அல்பத்தில் விடாதீர்கள்.

நம் பெண்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. இழுபடாத துணியில், உடம்பை அளந்து தைத்த சாரி பிளவுஸ். கொக்கி எந்த நிலையில் பூட்டுகிறது, கையின் ஓரம் மேற்கையில் பதிந்து கோடு விழுகிறதா என்பதை வைத்து மார்பையும் கையையும் படிக்கலாம். உள்ளே விட்டிருக்கும் தையல் துணியைப் பிரித்தீர்களா என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆண்களுக்குப் பெல்ட்: ஓட்டைகளுக்கிடையே பெரும்பாலும் 2.5 சென்ரிமீற்றர். தோல் பெல்ட் இழுபடும், வருடத்துக்கு ஒரு தரம் அளந்து பாருங்கள். இழுபடும் துணியில் தைத்த ஜீன்ஸ் எதையும் சொல்லாது.

உடம்பு என்ன செய்கிறது

உருவம் ஒரு பாதி. உடம்பால் என்ன முடிகிறது என்பது மறு பாதி, எனக்கு அதுதான் முக்கியமான பாதி. இங்கே மாற்றம் சீக்கிரம் தெரியும், அதனால் மனம் தளராது.

காலையில் படுக்கையை விட்டு எழும்ப முன், மணிக்கட்டில் விரல் வைத்து 60 விநாடி முழுக்க நாடியை எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்கினால் ஒரு துடிப்புப் பிழை நான்காகிவிடும். இரண்டு, மூன்று மாத நடைக்குப் பிறகு இது சில துடிப்புகள் இறங்குவது வழமை. திடீரென 8, 10 கூடி நின்றால் காய்ச்சல் வருகிறது, அல்லது தூக்கம் போதவில்லை.

நடைக்கு ஒரு நிரந்தரப் பாதை வேண்டும். சுதந்திர சதுக்கத்திலோ வெள்ளவத்தைக் கடற்கரை வீதியிலோ மாறாத இரண்டு அடையாளங்களைப் பிடித்து, ஏறக்குறைய 2 கிலோமீற்றர் வரும்படி வையுங்கள். உயர்ந்த கட்டடங்களுக்கிடையில் போனின் தூரக் கணக்கு தடுமாறும், விளக்குக் கம்பம் தடுமாறாது. கடற்கரையில் காற்று ஒரு பக்கம் தள்ளும், ஆகவே போய்த் திரும்பி வரும் பாதையாக எடுங்கள். முடித்த நேரம், முடித்த உடனே நாடி, மெதுவாக நடந்தபடி ஒரு நிமிடம் கழித்து நாடி, இந்த மூன்றையும் எழுதுங்கள். ஒரு நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பது இதயத்தின் பலத்தைக் காட்டும். நன்றாக மூச்சு வாங்க நடந்த பிறகும் 12 துடிப்புக்கு மேல் இறங்காவிட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள். ஏப்ரல் மாதத்து எண்ணை ஜனவரி எண்ணோடு ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம். புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்கு ஓடும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும்.

பலத்துக்கு வீட்டுப் பொருளே போதும். 5 லீட்டர் தண்ணீர்ப் போத்தல் கைக்கொன்றாக இரண்டு, சேர்த்து 10 கிலோ. பிடி தளரும்வரை எத்தனை விநாடி தூக்கி நிற்கலாம்? தண்டால் எத்தனை, நெஞ்சு தரைக்கு ஒரு கைமுட்டி உயரம்வரை இறங்கியதை மட்டும் எண்ணி? மாதம் ஒரு தரம் போதும்.

இனி கொப்பி. ஒரு சிஆர் கொப்பியில் கோடு போட்டு எழுதினால் போதும், செயலி எதுவும் வேண்டாம். விளங்குவதற்காக இரண்டு பக்கங்களைக் கற்பனையாக எழுதிக் காட்டுகிறேன். முதலாவது ஆள், 12 கிழமை: நிறை 74.2இலிருந்து 73.6. இடுப்பு 94.5இலிருந்து 90. மேற்கை 31இலிருந்து 31.5. 2 கிலோமீற்றர் நடை 22 நிமிடத்திலிருந்து 19. தராசை மட்டும் பார்த்தால் இவர் தோற்றுவிட்டார். ஆனால் இவர் எதையும் மாற்றத் தேவையில்லை.

இரண்டாவது ஆள்: நிறை 74இலிருந்து 68. இடுப்பு 94இலிருந்து 91. மேற்கை 31இலிருந்து 29. கெண்டைக்கால் 35.5இலிருந்து 34. தண்டால் 14இலிருந்து 9. கல்யாண வீட்டில் எல்லாரும் "நல்லா மெலிஞ்சிட்டீங்கள்" என்று பாராட்டும் ஆள் இவர்தான். எனக்கு இவரைப் பற்றித்தான் கவலை. இரவுச் சாப்பாட்டை விட்டு, பிளேன்டீயும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டித் தசையைக் கரைத்திருக்கிறார். இவருக்குப் பாரப் பயிற்சியும், ஒரு கிலோ உடல் நிறைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதமும் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த சூரை மீன் 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் இந்த அளவுக்குப் போகக் கூடாது. இன்னுமொன்று: முயற்சி எதுவும் இல்லாமல் நிறை இறங்கினால், கூடவே தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால், அதே கிழமை இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும். 6 முதல் 12 மாதத்துக்குள் காரணம் தெரியாமல் 5 வீதம் குறைந்தாலும் டொக்டரிடம் போவதற்கு அது போதும்.

கடைசியாக, வீட்டிலுள்ள பெரியவர்கள். 65ஐத் தாண்டிய அம்மாவுக்கு நிறை குறைந்தால் வீட்டில் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், முழங்காலுக்கு நல்லது என்பார்கள். அந்த வயதில் குறைவது பல தரம் தசைதான். அவரை ஒரு கதிரையில் இருத்துங்கள். கதிரை 43 முதல் 45 சென்ரிமீற்றர் உயரம், கைப்பிடி இல்லாமல், முதுகு சுவரோடு முட்டியபடி. பிளாஸ்டிக் கதிரை மாபிளில் வழுக்கும், மரக்கதிரையை எடுங்கள். கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டி, 5 தரம் முழுதாக எழும்பி இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஆசிய தசைநலிவுக் குழு 2019இல் வைத்த எல்லை 12 விநாடி. அந்தளவு அல்லது அதற்கு மேல் எடுத்தால் காலில் பலம் குறைகிறது. அதே குழு கெண்டைக்காலுக்குச் சொன்ன எல்லை பெண்களுக்கு 33, ஆண்களுக்கு 34 சென்ரிமீற்றர். அதற்குக் கீழே போனால் மேலும் பரிசோதிக்க வேண்டும்.

நாடா கையில் இல்லாவிட்டால் யப்பானில் சொல்லிக்கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அம்மா இருந்தபடியே, தன் இரு கைகளின் பெருவிரல்களையும் சுட்டுவிரல்களையும் சேர்த்து ஒரு வளையமாக்கி, கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். விரல்கள் சந்திக்காமல் நின்றால் நல்லது. சந்தித்து, வளையத்துக்கும் காலுக்கும் இடையில் காற்றுப் போக இடம் இருந்தால், அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பிரெஷர், சீனிக் கணக்கோடு இதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.